ஊரையே எண்ணுவது எப்படி?

குழந்தைகளே, உங்கள் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கள் என்றால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள். எல்லோரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா? இப்போது இன்னொரு கணக்கு. இடைவேளை மணி அடித்துவிட்டது. பள்ளிக்கூடமே மைதானத்தில் நிற்கிறது. ஒருவன் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுகிறான். பத்துப் பேர் கபடி ஆடுகிறார்கள். இரண்டு பேர் வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். இப்போது எண்ணுங்கள் பார்க்கலாம்! எண்ணியவனையே மறுபடியும் எண்ணுவீர்கள். மரத்துக்குப் பின்னால் இருப்பவனை விட்டுவிடுவீர்கள்.

ஒரு பெரிய நகரத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துவது இந்த இடைவேளைக் கணக்கைப் போன்றதுதான். மணி அடித்து எல்லோரையும் வகுப்புக்குள் அனுப்பவும் முடியாது!

2011-ம் ஆண்டு கணக்குப்படி இந்தியாவில் 121 கோடியே 8 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். அடேயப்பா, எவ்வளவு பெரிய எண்! ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த எண்ணில் நீங்கள் இல்லை! ஆமாம், இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் அநேகமாக எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், அப்புச்சியும் அம்முச்சியும் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் இல்லை.

பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணுவதுதான் நம் நாட்டின் வழக்கம். 1872-ல் முதல் முயற்சி நடந்தது. அப்போது எல்லா ஊரிலும் ஒரே நாளில் எண்ணவில்லை. 1881 பிப்ரவரி 17 அன்று முதன்முதலாக நாடு முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணினார்கள். 1931 வரை அப்படி ஒரே இரவில் எண்ணும் முறைதான். உலகப் போர் நடந்த 1941-ல்கூடக் கணக்கெடுப்பு நிற்கவில்லை. 2021-ல் எடுக்க வேண்டியதுதான் கொரோனாவால் தள்ளிப்போனது. அதனால்தான் உங்கள் பெயர் இத்தனை காலம் காத்திருந்தது.

சரி, யார் எண்ணுகிறார்கள்? பெரும்பாலும் உங்கள் பள்ளி ஆசிரியர்கள்தான். 2011-ல் நாடு முழுவதும் சுமார் 27 லட்சம் பேர் இந்த வேலையில் இறங்கினார்கள். நானும் அதில் ஒருவன். அதற்கு முன்பு 1991, 2001 ஆகிய இரண்டு முறையும் தாராபுரத்திலேயே இந்தப் பணி பார்த்தேன். 2011-ல் திருப்பூரில் பார்த்தேன்.

இதில் ஒரு புதிர். 1991-ல் படிவத்தில் மாவட்டம் என்ற இடத்தில் ‘பெரியார்’ என்று எழுதினேன். 2001-ல் அதே தாராபுரத்துக்கு ‘ஈரோடு’ என்று எழுதினேன். 2011-ல் தாராபுரம் ‘திருப்பூர்’ மாவட்டத்தில் இருந்தது. எங்கள் அப்பா காலத்திலோ அது கோவை மாவட்டம். ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அமராவதி ஆறும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. பெயரும் எல்லைக் கோடும்தான் மாறின! எண்ணிக் கொண்டிருக்கும்போது நடுவில் கோடு நகர்ந்தால் என்ன ஆகும்? ஒரு தெரு இரண்டு பட்டியலில் வரும், இல்லையென்றால் இரண்டிலும் வராது. அதனால் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே, ‘இனிமேல் முடியும் வரை எந்த எல்லையையும் மாற்றக் கூடாது’ என்று உத்தரவு போட்டுவிடுவார்கள்.

அடுத்து ஊரைத் துண்டு போட வேண்டும். கேக்கை வெட்டுவது போல! ஒரு துண்டுக்கு ‘பிளாக்’ என்று பெயர். ஒரு பிளாக்கில் சுமார் 600 முதல் 650 பேர் வரை இருப்பார்கள். ஒரு பிளாக்குக்கு ஒரு கணக்கெடுப்பாளர். ஆறு கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியில் 4 லட்சத்து 44 ஆயிரம் பேர் இருந்தார்கள். பிளாக்குக்கு 600 பேர் என்றால் எத்தனை பிளாக்? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 740 வருகிறதா? அத்தனை ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒரே நகரத்துக்கு வேண்டும்.

கையில் பிளாக் வந்ததும் முதல் வேலை, படம் வரைவது. தெரு, கோவில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் வர வேண்டும். உறுதியான கட்டடமென்றால் சதுரம். குடிசை, ஓலைக் கூரை என்றால் முக்கோணம். வடமேற்கு மூலையில் இருந்துதான் எண் போட ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. ஏன் தெரியுமா? ஆளாளுக்கு ஒரு மூலையில் தொடங்கினால், சரிபார்க்க வரும் மேற்பார்வையாளர் திண்டாடிப் போவார்!

கிராமத்தில் இந்த வேலை சுலபம். வளவுக்குள் நுழைந்தாலே, “வாங்க வாத்தியாரே, மோர் குடிங்க” என்று திண்ணையில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நகரம் அப்படியா? ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம் உள்ள ஒரு சதுரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் சராசரியாக அந்தச் சதுரத்துக்குள் 555 பேர் இருந்தார்கள். சென்னை மாவட்டத்தில் அதே சதுரத்துக்குள் 26,500 பேருக்கும் மேல்! தரையில் இடம் போதாது. அதனால் மேலே மேலே, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும் வீடுகள்.

திருப்பூரில் எனக்குக் கிடைத்த பிளாக்கில் லைன் வீடுகள் நிறைய. வெளியில் இருந்து பார்த்தால் ஒரே ஒரு கேட்டுதான். உள்ளே நுழைந்தால் நீளமான சந்து. இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். கோடியில் ஒரு மாடிப்படி, அதன் மேலே தகரக் கூரை போட்ட இன்னும் மூன்று அறைகள். இதை ஒரு வீடு என்று எழுதுவதா, பதினேழு வீடு என்று எழுதுவதா? இதற்கும் விதி இருக்கிறது. தெருவில் இருந்தோ, பொது முற்றத்தில் இருந்தோ, மாடிப்படியில் இருந்தோ தனியாக ஒரு வாசல் இருந்து, தனியாகப் புழங்கினால் அது ஒரு வீடு. ஆகவே கட்டடத்தின் எண் 10 என்றால் 10(1), 10(2), 10(3) என்று வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

அப்புறம் ‘குடும்பம்’ என்றால் என்ன என்று கேட்பேன், நீங்கள் அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்பீர்கள். கணக்கெடுப்பில் அடுப்பைத்தான் பார்க்க வேண்டும்! ஒரே சமையலில் சாப்பிட்டு, சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனி அடுப்பு என்றால் இரண்டு குடும்பம்.

இந்த விதியின் அருமை எனக்கு ஓர் அறையில் தெரிந்தது. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் தங்கியிருந்த அறை அது. பீகார், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள். நான் காலையில் போனபோது நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர்கள். “நாலு பேர்தானா?” என்று கேட்டதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் கொடியில் காய்ந்த சட்டைகளும், மூலையில் கவிழ்த்திருந்த தட்டுகளும் நாலு பேருடையவை அல்ல. ஒன்பது தட்டுகள்! ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் போனேன். பகல் ஷிப்டு முடித்த ஐந்து பேர் அதே பாயில் படுக்கத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். தட்டை எண்ணாமல் திரும்பியிருந்தால் அந்த ஐந்து பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பூட்டிய வீடுகளின் கதையும் இதுதான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருப்பார்கள். நாங்களோ பள்ளி முடிந்துதான் கிளம்புவோம். ஒரு வீட்டுக்கு நாலு முறைகூட நடக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு அறுவடை நாள்.

இன்னொரு சிக்கல், பயம். “வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வாடகையைக் கூட்டிடுவாருங்க” என்று ஒருவர் தன் மாமியாரை மறைப்பார். “வரி போட்டுடுவீங்களா?” என்று வீட்டுக்காரர் வாடகைக்கு இருப்பவர்களையே மறைப்பார். அப்போது ஒரு சட்டத்தை எடுத்துச் சொல்வேன். 1948-ம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி, படிவத்தில் எழுதியதை யாருக்கும் காட்டக் கூடாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூட அதைக் கொண்டுவர முடியாது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் உள்ளே திரும்பிப் பார்த்து, “அம்மா, நீங்களும் வாங்க” என்று கூப்பிடுவார்கள்!

மொழி வேறு. 2011-ல் படிவங்கள் 16 மொழிகளில் அச்சாயின. ஆனால் என் வாயில் இருந்தது ஒரே மொழிதானே? ஒரு வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். “சார், எங்கம்மாவுக்குத் தமிழ் வராது. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்” என்றாள். மொத்தம் 29 கேள்விகள். அவள் இந்தியில் கேட்டு, தமிழில் பதில் சொன்னாள். தாய்மொழி என்ன என்று கேட்டபோது அம்மாவிடம் கேட்காமலே இந்தி என்றாள். தெரிந்த வேறு மொழிகள் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று எழுத வைத்து, எட்டிப் பார்த்துச் சரி பார்த்துக்கொண்டாள். “வீட்டில் மொத்தம் நாலு பேர்” என்று முடித்தாள். நான் எழும்போது உத்தரத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டில் லேசாக ஆடியது. “அது யாரு கண்ணு?” என்றேன். “பாப்பா சார். பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆச்சு. இன்னும் பேரே வைக்கலை, அதையுமா எழுதுவீங்க?” என்றாள். எழுத வேண்டும்! பேர் வைக்காவிட்டாலும் ஐந்தாவது ஆள்தான். கைக்குழந்தைகளும் வயதானவர்களும்தான் அதிகம் விடுபடுவார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

வயது கேட்பது தனி வேடிக்கை. தாராபுரத்தில் 1991-ல் ஒரு பாட்டியிடம் வயது கேட்டேன். “அதெல்லாம் யாரு கண்டா சாமி? அமராவதி டேம் கட்டறப்போ என் மூத்தவன் இடுப்புல இருந்தான்” என்றார். அந்த அணை 1950-களில் கட்டியது. மூத்த மகன் பிறந்தபோது அவருக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டுக் கேட்டுக் கூட்டினால் வயது வந்துவிடும். சும்மா விட்டால் எல்லோரும் 40, 50, 60 என்று முழு எண்ணாகவே சொல்வார்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஊருக்கு ஊர் போய்க்கொண்டே இருப்பவரை எங்கே எண்ணுவது? 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை இருபது நாள் கணக்கெடுப்பு நடந்தது. அந்த இருபது நாளில் ஒரு நாளாவது தன் வழக்கமான வீட்டில் இருந்தவரை அங்கேதான் எண்ண வேண்டும். இருபது நாளும் வீட்டுப் பக்கமே வராதவரை, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ண வேண்டும். பேத்தியைப் பார்க்க ஐந்து நாள் திருப்பூருக்கு வந்த குண்டடத்துப் பாட்டியை நான் எழுத மாட்டேன். அவர் பெயர் குண்டடத்தில் வரும்.

வீடே இல்லாதவர்களை? அவர்களைத்தான் இருபது நாள் வைத்து எண்ண முடியாது. இன்று பேருந்து நிலையத்தில் தூங்குபவர் நாளை கோவில் வாசலில் தூங்குவார். அதனால் பிப்ரவரி 28 ராத்திரி, ஒரே ராத்திரியில், நாடு முழுவதும் அவர்களை எண்ணினோம். பகலிலேயே சுற்றிப் பார்த்து, யார் யார் எங்கே படுப்பார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் டார்ச் விளக்கோடு கிளம்பினோம். பழைய பேருந்து நிலையம், கடை வாசல்கள், நொய்யல் பாலத்து ஓரம். நல்ல கொசு! ஒரு கடைப் படியில் சாக்கைப் போர்த்திப் படுத்திருந்த பெரியவரை மெதுவாக எழுப்பினோம். போலீஸ் என்று பயந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். உட்கார வைத்து, பெயர் கேட்டு, வயது கேட்டு, பிறந்த ஊர் கேட்டேன். “மூலனூருப் பக்கமுங்க” என்றார். எங்கள் ஊருக்குப் பக்கம்! அப்புறம் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்பது வரை சொன்னார். எழுதி முடித்ததும், எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அப்பா பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார். அந்தக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று தெரிந்தது. அத்தனை பேரையும் இப்படி யாரோ ஒருவர் ராத்திரியில் குனிந்து எழுப்பித்தான் எழுதியிருப்பார்.

சரியாக நள்ளிரவு 12 மணி, அதாவது மார்ச் 1 பிறக்கும் நொடிதான் கணக்கு. 1991-ல் மார்ச் 1 சூரிய உதயம் என்று வைத்திருந்தார்கள். 2001-ல் இருந்துதான் நள்ளிரவு. 11.50-க்குப் பிறந்த குழந்தை கணக்கில் உண்டு, 12.10-க்குப் பிறந்த குழந்தை கிடையாது! இதைச் சரி செய்யத்தான் மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் வீடு வீடாகப் போனோம். புதிதாகப் பிறந்திருந்தால் சேர்ப்போம். இறந்திருந்தால் கோடு போட்டு அடிப்போம். பத்து நாளைக்கு முன்பு எனக்கு எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னவர் பெயரின் மேல் கோடு போட வேண்டியிருக்கும். வீட்டார் முன்னால் அதைச் செய்ய மாட்டேன். தெருமுனைக்கு வந்துதான் போடுவேன்.

பிறகு கூட்டல். கணக்கெடுப்பாளரின் கூட்டுத்தொகை மேற்பார்வையாளருக்கு, அவரிடம் இருந்து மாநகராட்சிக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு சென்னைக்கு, டெல்லிக்கு. 2011 மார்ச் 31-ம் தேதியே நாட்டின் தற்காலிக எண்ணிக்கையை வெளியிட்டுவிட்டார்கள். படிவங்களை ஒரு கணினி எந்திரம் கையெழுத்தைப் பார்த்தே படித்தது. அதனால் கட்டத்துக்குள் அழகாக எழுத வேண்டும், மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது. உங்களிடம் நாங்கள் ஹோம் ஒர்க் நோட்டுக்குச் சொல்வதெல்லாம் எங்களுக்கே திரும்பி வந்தது!

இவ்வளவு செய்தும் எல்லோரும் வந்துவிட்டார்களா? இதையும் சோதிப்பார்கள். சில பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி, புதிதாக எண்ணி, பழைய பட்டியலோடு ஒப்பிடுவார்கள். 2011-ல் 1000 பேருக்குச் சுமார் 23 பேர் விடுபட்டது தெரிந்தது. சின்ன எண் போலத் தெரிகிறதா? 121 கோடிக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டரைக் கோடிக்கும் மேல்! 2001-ல் எடுத்த இதே சோதனையில், கிராமத்தைவிட நகரத்தில்தான் விடுபட்டவர்கள் அதிகம். எனக்கு ஆச்சரியமில்லை. அந்த ஒன்பது தட்டு அறையை நான் பார்த்திருக்கிறேனே.

எண்ணில் வராவிட்டால் என்ன, ஆள் இருக்கத்தானே செய்கிறார் என்று தோன்றலாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதன்படி 81 கோடியே 35 லட்சம் பேர் வரை ரேஷன் தானியம் பெறலாம். இந்த எண் எங்கிருந்து வந்தது? 2011 கணக்கில் இருந்துதான். அதற்குப் பிறகு பிறந்த உங்களை அந்தக் கணக்கு அறியாது. எங்கள் தாராபுரம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் இனத்தவருக்கான தனித்தொகுதி. எது தனித்தொகுதி, ஒரு வார்டில் எத்தனை பேர் என்று முடிவு செய்யவும் இந்த எண்களைத்தான் புரட்டுவார்கள். எண்ணில் இல்லாத ஒன்பது பேருக்குக் குழாயும் கழிப்பறையும் யார் திட்டம் போடுவார்கள்?

அடுத்த கணக்கெடுப்பை மத்திய அரசு 2025 ஜூன் 16-ம் தேதி அறிவித்தது. கணக்கு நேரம் 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. பனி மூடும் லடாக், இமாசலம் போன்ற இடங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. முதலில் வீட்டுப் பட்டியல், அதற்குப் பிறகு ஆட்கள். இந்த முறை காகிதப் படிவத்துக்குப் பதில் கைபேசிச் செயலி. விருப்பமுள்ள குடும்பங்கள் தாங்களே இணையத்தில் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். கைபேசி வந்தாலும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் செயலி வந்திருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே உங்கள் டீச்சரோ சாரோ கையில் கைபேசியோடு வாசலில் நின்றால், வீட்டில் உள்ள கடைசிக் குட்டி வரைக்கும் நீங்களே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள்.

போகிற போக்கில் இரண்டு கேள்விகள். 2011 விதிப்படி பதில் சொல்லுங்கள். திருப்பூரில் குடியிருக்கும் உங்கள் மாமா, பிப்ரவரி 20-ம் தேதி கோவில் நோன்பிக்குத் தாராபுரம் வந்து 28-ம் தேதி வரை தங்கிவிட்டார். அவர் எந்த ஊர்க் கணக்கில்? இரண்டாவது: சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் பிப்ரவரி 5-ம் தேதி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மார்ச் 3-ம் தேதிதான் வீடு திரும்பினார். அவர் எந்த ஊர்க் கணக்கில்?

விடை: மாமா திருப்பூர்க் கணக்கில். 9-ம் தேதி முதல் 19 வரை அங்கேதானே இருந்தார்! லாரிக்காரர் சங்ககிரியில் வர மாட்டார். வழியில் அவரைக் கணக்கெடுப்பாளர் எங்கே பிடித்தாரோ அங்கே. அது நாக்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு லாரிப் பேட்டையாகக்கூட இருக்கலாம்.